ஒரு காலுக்கு ஒரு கல்

காலை ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கால்.

தேயிலைத் தோட்டத்தின் மஸ்டர் களத்தில் பனிமூட்டம் முழங்காலுக்கு மேல் கவிந்திருந்தது. அதற்குக் கீழே, வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்களின் பாதங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் வெறுங்கால்கள். இரண்டிரண்டாகத் தரையில் பதிந்திருந்தன. ஓரத்தில் நின்ற ஒருவருடைய இடது கால் மட்டும் தரையில் இல்லை. மணியடிக்கத் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்த கம்பத்தின் அடிக்கல்மேல் அது சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

மூட்டத்துக்குள்ளிருந்து கங்காணியின் குரல் வந்தது.

"ஏ கொக்கு, காலை இறக்கு. கணக்கப்பிள்ளை வாராரு."

"வரட்டுமே. அவருக்கும் ரெண்டு காலுதான?"

பெண்கள் சிரித்தார்கள். கால் இறங்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு தமிழ் நாளிதழுக்கு மூணாறுப் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கணவர் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தார். முதலமடையிலிருந்து வந்து அவர்களுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். மாட்டுப்பட்டி அணை நிரம்பினால் செய்தி. யானை இறங்கினால் செய்தி. வட்டவடையிலிருந்து பூண்டு ஏற்றி வந்த ஜீப் கவிழ்ந்தால் செய்தி. மற்ற நாட்களில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த அம்மாளை அப்படிப் பார்த்ததுதான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தோட்டத்திலும் அந்தப் பெயரைக் கணக்கப்பிள்ளை மட்டும்தான், காலையில் ஒருமுறை, பயன்படுத்தினார். மற்ற எல்லோருக்கும் அவர் கொக்கு.

நாற்பதைத் தாண்டியவர். குள்ளம். தோள் ஒடுங்கி இடுப்பு அகன்ற உடம்பு. பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அவர் உடம்பின் விஷயம் தெரியும். இடுப்பெலும்புக் கூடு, தண்ணீர்ச் சட்டியை முன்பக்கம் சாய்த்த மாதிரிக் கவிழ்ந்திருந்தது. அதனால் வயிறு முன்னே தள்ளி, பின்புறம் தூக்கி, முதுகின் அடியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "மழை பேஞ்சா அவ முதுகுல ஒரு சொம்பு தண்ணி பிடிக்கலாம்" என்பார் செல்லத்தாய். கொழுந்து எடுக்கும் நிரையில் அவருக்கு அடுத்து நிற்பவர் செல்லத்தாய். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலும் அடுத்த வீடு. குழாயடியில் யார் குடம் முதலில் என்பதில் வந்த சண்டைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர், காதில் விழும்படி, மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள்.

ஒரு காலைத் தூக்கி ஏதாவது ஒன்றின்மேல் வைத்ததும் அந்தச் சட்டி நிமிர்ந்துவிடும். முதுகின் பள்ளம் குறையும். முகத்தில் ஒரு தசை தளரும். இரண்டு காலும் சமமாகத் தரையில் இருந்தால் சிறிது நேரத்துக்குள் உடம்பு அசையத் தொடங்கும். முன்னுக்கும் பின்னுக்குமாக, வெளியே தெரியாத அளவில். எதையாவது பிடித்துக்கொள்ளக் கை தேடும்.

தேயிலைக் காட்டில் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சரிவில் குறுக்காக நிற்பவருக்கு ஒரு கால் எப்போதும் மேலேதான் இருக்கும். மலை தன் இடப்பக்கம் வரும்படியான நிரைதான் வேண்டும் என்று கங்காணியுடன் சண்டை பிடித்து வாங்குவார். ஆனி மழையில், செங்குத்தான காட்டில், மற்றவர்கள் செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கும் இடத்தில் அவர் இரண்டு கையையும் கொழுந்தில் வைத்தபடியே நகர்வதைப் பார்த்திருக்கிறேன். முதுகில் நனைந்த கூடை. அதைத் தாங்கும் கயிறு தலையில். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

சமதரைதான் அவருக்கு ஆபத்து. அந்தத் தோட்டத்தில் சமதரை அதிகமில்லை. மஸ்டர் களம், ஆபீஸ் வராந்தா, கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் முன்புறம், மாரியம்மன் கோவில் முற்றம். எல்லாமே யார் முன்னாலாவது நிற்க வேண்டிய இடங்கள்.

ஒவ்வொன்றிலும் அவருக்கென்று ஒரு கல் இருந்தது. கண்டுபிடிப்பது சுலபம். அந்த மலையில் ஒரு மழைக்காலம் சும்மா கிடந்தால் எந்தக் கல்லும் பச்சையாகிவிடும். அவருடைய கற்களில் மேல்பக்கம் மட்டும் பாசி இருக்காது. வீட்டு வாசலில் கதவோரமாக ஒரு செங்கல் போட்டிருந்தார். வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதியை அதன்மேல் ஒரு காலோடுதான் கழிப்பார். கீரை ஆய்வது, மகளுக்குத் தலை வாருவது, செல்லத்தாய்க்குக் கேட்கும்படி சுவரிடம் பேசுவது எல்லாம் அங்கேதான்.

ஏன் அப்படி நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்தா இருக்குல்லா தம்பி, இடுப்புல ரெண்டு எலும்பு. ரெண்டும் சண்டைக்காரிய. சமமா உக்கார வச்சா அடிச்சுக்கிடுவாளுவ. ஒருத்திய ஒசத்தி வச்சாத்தான் அடங்குவாளுவ."

கோவிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போது அவர் மட்டும் வாசற்படி ஓரத்தில் நின்று, படியின்மேல் ஒரு காலை வைத்திருப்பார். பூசாரி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஏசுவார்.

"படியை மிதிக்காதன்னு எத்தனை வாட்டி சொல்ல? ஆத்தா கேப்பா."

"கேட்டா நான் பேசிக்கிடுதேன். நீரு மணிய ஆட்டும்."

டிஸ்பென்சரிக்கு வாரம் ஒருமுறை வருவார். காலிப் பாட்டிலை மேஜையில் வைத்து, தேய்க்கிற தைலம் வேண்டும் என்பார். தனக்கு என்று சொல்ல மாட்டார்.

"வீட்டுக்காரருக்கு, ஐயா. முதுகு பிடிச்சுக்கிச்சு."

என் அக்காவின் கணவர் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்துக்காரர். யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாது.

"ஏனுங்கம்மா, அவரு போய்ச் சேந்து மூணு வருசமாச்சுங்களே?"

"அதனால என்ன? படத்துல தேய்ச்சு விடுதேன்."

மாமா சிரிக்காமல் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பார். நோயாளி யார் என்று எங்கும் குறிக்க மாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. உடம்பு இந்த வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிவிட்டால் ஆளின் பெயர் வெட்டப்படும். பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. குடும்பத்தில் இன்னொருவர் வேலையில் இருந்தால் வீடு தங்கும். அவருக்கு ஒரே மகள். பெயர் பதியும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. கணவர் காமாலையில் போய்விட்டார். சொந்த ஊர் என்று சொல்லத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம் இருந்தது. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. மகளுக்கு வயது வரும்வரை அவர் வேலையில் இருந்தாக வேண்டும். அதுவரை இடுப்பில் ஒன்றுமில்லை என்று எல்லோரும் நம்ப வேண்டும்.

தோட்டத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். மாமாவுக்குத் தெரியும். கங்காணிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். செல்லத்தாய்க்கு நிச்சயம் தெரியும். ஒரு சுவர்தான் நடுவில். விடிகாலையில் பாயிலிருந்து எழும்போது வரும் முனகல் அந்தச் சுவரைத் தாண்டும். ஆபீசுக்கு மட்டும் தெரியாது. ஆபீஸ் அவரைத் திமிர் பிடித்தவர் என்று வைத்திருந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசும் தொழிலாளியைப் பற்றி ஆபீஸ் வேறு எப்படி நினைக்கும்?

அவரும் அந்தப் பெயருக்கு வஞ்சகம் செய்யவில்லை. காலுக்குப் பொருத்தமாக வாயை வளர்த்துக்கொண்டார். கணக்கப்பிள்ளைக்கு ஒரு பதில், கங்காணிக்கு ஒரு பதில், பூசாரிக்கு ஒரு பதில். பிறவியிலேயே அப்படியா, இடுப்பு வலி வந்தபிறகு அப்படி ஆனாரா என்று எனக்குத் தெரியவில்லை. செல்லத்தாயிடம் கேட்டேன். "கல்யாணம் ஆகி வந்தப்ப வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது. இப்ப பாரும்" என்றார். பகையாளி சொன்னது என்பதால் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அப்போது தெரியவில்லை.

மழை முடிந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஜீப் வருவதற்காகப் பாதையைச் சீர் செய்தார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு உருளை ஓட்டினார்கள். கொட்டகை முன்னால் கிடந்த அவருடைய கல்லும் அதோடு போயிற்று. இடம் மேஜைப் பலகை மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் உதவி மேனேஜராகப் புதிய சின்னதுரை வந்திருந்தார். இளவயது. வெளியூர்ப் பள்ளியில் தங்கிப் படித்தவர். தோட்டத்துக்கு வருவதற்காகத் தமிழ் கற்றிருந்தார். வா, போ, எடு, வை என்று ஏவுவதற்கான தமிழ் மட்டும் அவருக்கு வந்தது. கழுவித் துடைத்த ஜீப்பை நிறுவைக் கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். நிறுவைக்கு நின்ற வரிசை நீளமாக இருந்தது. அதில் நடுவில் கொக்கு. கூடை கனம். நிற்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அவர் கூடைக்குள் கையை விட்ட சின்னதுரை ஒரு முற்றல் இலையை எடுத்துக் காட்டினார்.

"இது என்ன? நீ பேர் என்ன?"

பெயரைச் சொல்லிக்கொண்டே கொக்கு, பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்றின்மேல் இடது காலைத் தூக்கி வைத்தார். அது ஜீப்பின் முன் பம்பர். வெள்ளிப் பளபளப்பில் ஐந்து விரல்களும் குதிகாலும் சேற்றில் அச்சாக விழுந்தன. வைக்கும்போது அவர் கீழே பார்க்கவில்லை. பழக்கப்பட்ட இடத்தில் கல் இருக்கும் என்று கால் தானாகத் தேடியிருக்க வேண்டும். சின்னதுரை முதலில் காலைப் பார்த்தார். பிறகு முகத்தை. பிறகு மறுபடி காலை.

"காலை கீழே வை."

அவர் கால் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்பது என்னைப் போலத் தள்ளி நின்றவனுக்கே தெரிந்தது. கிட்டத்தில் நின்ற சின்னதுரைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

அடுத்த நாள் சார்ஜ் ஷீட் வந்தது. மேலதிகாரியின் வாகனத்தில் காலை வைத்து அவமரியாதையாக நடந்துகொண்டது. அதற்கு அடுத்த வாரம் ஆபீஸ் வராந்தாவில் விசாரணை.

வேலைக்குப் போகிற கோலத்தில் பெண்கள் சேலைக்கு மேல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மற்றவர்கள் கயிற்றை இடுப்பில் கட்டுவார்கள். அவர் அதற்கும் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி, ஒரு பிடியாக இறுக்கிக் கட்டுவார். கயிறு இறுகினால் நிற்பது சுலபம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். விசாரணைக்குத் துவைத்த சேலையில் வந்தார். சாக்கு இல்லை. சேலைக்கு அடியில், வலப்பக்கம், எலுமிச்சையளவில் ஒரு முடிச்சு புடைத்திருந்தது.

மேஜைக்குப் பின்னால் மேனேஜரான பெரியதுரை, பக்கத்தில் சின்னதுரை, ஒரு கிளார்க். எதிரே நிற்பதற்கு வெறும் சிமெண்டுத் தரை. யூனியன் தலைவர் கொக்குக்குப் பக்கத்தில் நின்றார். கீழே முற்றத்தில் வேலைவிட்டு வந்த கூட்டம். நானும் மாமாவும் தூணோரம் நின்றோம்.

"என் ஜீப்ல காலை வெச்சியா?" என்றார் சின்னதுரை.

"வச்சேன் தொரை."

"ஏன்?"

"ஒசரமா இருந்திச்சு."

முற்றத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. யூனியன் தலைவர் ஓரடி முன்னால் வந்தார். நேர்மையான மனிதர். மலையாளி; இடுப்பு வலி அவர் வாயில் நடுவேதனை. வாதத்தை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தார்.

"சார், இதுல அவமரியாத ஒண்ணுமில்ல. இந்தம்மாவுக்கு நடுவேதனை உண்டு. ரொம்ப வருஷமா உண்டு. சமமா நிக்கான் ஒக்காது. அதான் காலைத் தூக்கி வெக்கிறது. வேணும்னா டாக்டர் பரிசோதிக்கட்டும்."

மாமா என் கையைப் பிடித்தார். பெரியதுரை பேனாவைக் கீழே வைத்தார். முதல்முறையாக அவர் அந்த அம்மாளின் கால்களைப் பார்த்தார்.

"அப்படியா? நடுவேதனையா? அப்ப டாக்டர் பார்க்கட்டும்."

"யாருக்கு வேதனை?"

கொக்கு யூனியன் தலைவர் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்.

"ஏ தலைவரே, என் நடுவைப் பத்தி உமக்கு என்னய்யா தெரியும்? எப்பம் வந்து பாத்தீரு?"

முற்றம் வெடித்துச் சிரித்தது. தலைவரின் முகம் கறுத்தது. "இல்லம்மா, நான் உங்க நன்மைக்கு..." என்று தொடங்கினார்.

"நன்மையும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். ஒதுங்கி நில்லும். தொரை, எனக்கு வலியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இந்தக் காடு பூரா என்னைய மாதிரி ஏறி எறங்க ஒருத்தியக் காட்டுங்க பாப்போம். கங்காணியக் கேளுங்க."

கங்காணி தலையை ஆட்டினார். அது உண்மை.

"அப்ப ஏன் காலைத் தூக்கி வச்சே?" என்றார் பெரியதுரை.

"திமிருதான்."

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"திமிருதான் தொரை. எங்க அம்மா வயித்துலேர்ந்தே கூட வந்தது. எழுதிக்கிடுங்க."

பெரியதுரை பேனாவை மறுபடி கையில் எடுத்தார். அவருக்கு ஏதாவது தோன்றியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்டனையைச் சின்னதுரைதான் சொன்னார். மறுநாள் காலை மஸ்டர் களத்தின் நடுவில், எல்லோருக்கும் முன்னால், இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை எல்லாப் பெயரையும் விளித்துத் தீரும்வரை. பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வராந்தாவை விட்டு இறங்கும்போது கடைசிப் படியில் ஒரு காலும் அதற்கு மேல்படியில் ஒரு காலுமாகச் சற்று நின்றார்.

குவார்ட்டர்ஸுக்கு ஏறும் வழியில் மாமா சொன்னார்: "தலைவரு நல்லவருதான், மாப்ளே. ஆனா இன்னிக்கு அந்தம்மா ஊட்டையே கம்பெனிக்கு எடுத்துக் குடுத்துருப்பாரு. நாளைக்கு மட்டும் அந்தம்மா கீழ உளுந்துச்சோ, எங்க டாக்டரு பாக்காம உட மாட்டாரு. பாத்தா எழுதித்தான் ஆவணும்."

மறுநாள் மூட்டம் இல்லை. தெளிவான காலை. அவர் எல்லோருக்கும் முன்பே வந்து களத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைப் பக்கமாகத் தரை சற்றுச் சரியும் ஓர் இடம் உண்டு. அங்கே போய் நின்றுகொண்டார். சின்னதுரை வந்ததும் கைத்தடியால் களத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கே வா. இங்கே நில்."

கொக்கு கோட்டில் வந்து நின்றார். சாக்கும் கயிறும் இருந்தன. கயிறு வழக்கத்தைவிடக் கீழே, வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. பாதங்கள் ஒட்டின. கணக்கப்பிள்ளை பெயர்களை விளிக்கத் தொடங்கினார்.

முதலில் கால்விரல்கள் மண்ணைப் பிடித்தன. பிறகு குதிகால். வயிற்றை உள்ளே இழுத்து, சாய்ந்த சட்டியை நிமிர்த்த முயன்றது தெரிந்தது. நிமிர்ந்தது. சிறிது நேரம் நின்றது. மீண்டும் முன்னால் கவிழ்ந்தது. கை பக்கவாட்டில் எதையோ தேடி, ஒன்றும் கிடைக்காமல், சேலையைப் பிடித்துக்கொண்டது. காற்று இல்லை. வரிசையில் நின்றவர்களின் முந்தானைகள் அசையாமல் தொங்கின. அவருடையது மட்டும் அசைந்தது. பெயர்ப் பட்டியலில் பாதிகூட ஆகவில்லை. கணக்கப்பிள்ளை வழக்கத்தைவிட வேகமாகப் படித்தார் என்று எனக்குப் பட்டது. அப்படியும் போதாது.

இப்போது அசைவு எல்லோருக்கும் தெரிந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் இருந்தது பக்கவாட்டிலும் சேர்ந்து ஒரு வட்டம் மாதிரி ஆகியிருந்தது. சின்னதுரை கைத்தடியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது. ஆபத்து அதில்தான் இருந்தது.

"ஏட்டி, பாருங்கட்டி அவளை!"

வரிசையிலிருந்து வந்தது செல்லத்தாயின் குரல். குழாயடியில் ஊரைக் கூட்டும் அதே குரல்.

"மன்னிப்பு கேக்க நிக்கச் சொன்னா, ஆட்டமா போடுதா? தொரை முன்னால இடுப்பை ஆட்டுதாளே! கொட்டு ஒண்ணுதான் கொறைச்சல்!"

யாரோ வாயாலேயே கொட்டடித்தார்கள். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. களத்தின் நடுவில் கொக்கு அதைக் கேட்டார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். கால்களை அகட்டினார். அசைந்துகொண்டிருந்த இடுப்பை, இப்போது வேண்டுமென்றே, இடமும் வலமுமாக நன்றாகவே ஆட்டினார்.

சின்னதுரையின் முகத்தில் வந்துகொண்டிருந்த கேள்வி போய்விட்டது.

"ஏய்! தமாஷா? போ! வெளியே போ! ஜோலி கிடையாது! சஸ்பென்ஷன்! போ!"

அவர் போனார். நடந்தது ஓடைப்பக்கம். தண்டவாளக் கம்பத்தின் அடிக்கல்லுக்கு வந்ததும் இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மேல்மூச்சு வாங்கியது. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்து மறுபடி கட்டினார். பிறகு திரும்பி, "கும்பிடுதேன் தொரை" என்றார். கணக்கப்பிள்ளை மீதிப் பெயர்களைப் படித்தார்.

சஸ்பென்ஷன் முடியும்வரை அவர் வீட்டு வாசலில், செங்கலின்மேல் காலை வைத்து நின்றுகொண்டிருந்ததைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். கூலி இல்லாத அந்த நாட்களில் செல்லத்தாய் வீட்டிலிருந்து கொக்கின் மகளைக் கூப்பிட்டுக் குழம்புச் சட்டி கொடுத்தனுப்பினார்கள். சட்டி கழுவித் திரும்பிப் போனது. இரண்டு பெண்களும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

"ஆட்டக்காரி நல்லாத்தான் ஆடுனா" என்று செல்லத்தாய் பொதுவாகச் சொன்னார்.

"பாட்டுக்காரிக்குத்தான் தொண்டை சரியில்ல" என்றது அடுத்த வாசல்.

நடந்ததைப் பற்றி நான் நாலு வரி எழுதி அனுப்பினேன். வெளிவரவில்லை. அந்த வாரம் தேவிகுளம் பாதையில் மண்சரிவு; அதுதான் வந்தது.

கொக்கு மேலும் சில வருடங்கள் கொழுந்து எடுத்தார். மகளுக்கு வயது வந்து பெயர் பதிந்தார்கள். அடுத்த மாதமே அவர் தானாக டாக்டரிடம் போய், இடுப்பு முடியவில்லை என்று சொன்னதாக மாமா எழுதியிருந்தார். கண்ணை மூடி, கால்களைச் சேர்த்து நிற்கும்படி டாக்டர் சொன்னாராம். "பிடிச்சுக்கிடுவீரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொக்கு கண்ணை மூடினாராம். நான் அப்போது பத்திரிகையின் கோவை அலுவலகத்துக்கு வந்துவிட்டிருந்தேன்.

மேஜை முன்னால் உட்கார்ந்தே காலம் கழித்ததில் பின்னாளில் எனக்கும் இடுப்பு வலி வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, பக்கவாட்டில் பார்த்தார். இடுப்பெலும்பு முன்னால் சரிந்தால் உடம்பின் பாரம் எங்கே விழுகிறது என்பது உடம்புக்கே சரியாகத் தெரியாமல் போகும், வலி இருந்தால் அது இன்னும் மோசமாகும், அதனால்தான் ஆடுகிறீர்கள் என்றார். நான் ஆடிக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் நிற்க வேண்டி வந்தால் ஒரு காலைச் சின்ன முக்காலிமேல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அதற்கும் பிறகு ஒரு தடவை மூணாறு போனபோது அந்தத் தோட்டத்துக்கு நடந்தேன். கொக்கு இறந்து பல மழைக்காலங்கள் ஆகியிருந்தன. செல்லத்தாய் மட்டும் வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். கண் மங்கியிருந்தது. யார் என்று சொன்னதும், "பேப்பருக்காரத் தம்பியா" என்றார். அடுத்த வீடு பூட்டியிருந்தது.

"அவ மகதான் இருக்கா. வேலைக்குப் போயிருக்கா. சாயந்திரம் வருவா."

"நீங்க ரெண்டு பேரும் கடைசியில பேசினீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவ குடத்தைத்தான் முன்னால வச்சா. தப்பு அவ மேலதான?"

மஸ்டர் களத்துக் கம்பத்தில் இப்போது தண்டவாளத் துண்டு இல்லை. அடிக்கல் முழுக்கப் பச்சையாகியிருந்தது. கோவில் படிக்கு மார்பிள் போட்டிருந்தார்கள். திரும்பும் வழியில் பூட்டிய வீட்டின் வாசலை மறுபடி பார்த்தேன். கதவோரம் அந்தச் செங்கல் கிடந்தது. நாலு பக்கமும் பாசி. மேல்பக்கத்தில் பாசி இல்லை.